நானூற்றுப் பதினெட்டாவது வரி

அன்புள்ள மகனுக்கு,

சமாதானம் உண்டாவதாக என்று தொடங்குவதுதான் நம் வீட்டுக் கடித வழக்கம். என்னிடமே இல்லாத சாமானை உனக்கு எப்படி அனுப்புவது என்று தெரியாததால், அதை விட்டுவிட்டுத் தொடங்குகிறேன். லிங்கராஜபுரத்தில் இருந்துகொண்டு ஒயிட்ஃபீல்டில் இருக்கிற மகனுக்குக் காகிதத்தில் கடிதம் எழுதுகிறவள் இந்தப் பெங்களூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போனில் சொல்லலாம் என்றால், "சொல்லும்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்பாய். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிற சங்கதியும் இல்லை இது. நேரில் சொல்லலாம் என்றால் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொய் வந்துவிடும். முப்பது வருடப் பழக்கம். அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, உன் அப்பா கண்ணயர்கிற நேரத்தில், நான்கு நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் எட்டு ஜெராக்ஸ் எடுத்து இன்னும் எட்டுப் பேருக்கும் கொடுக்கப்போகிறேன். அவர்கள் யார் என்பது போகப்போகத் தெரியும். நீ என் வயிற்றில் பிறந்தவன் என்பதால் முதல் பிரதி உனக்கு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஜெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு வந்தாய். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. ஈரல் வறுவலை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பெண் வஞ்சகம் தெரியாதவளாகத்தான் இருப்பாள். சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டாள். "ஆன்ட்டி, எங்க விவேக் நகர் ஃபாதர் மேரேஜுக்கு இவரோட திருமுழுக்கு சர்டிபிகேட் கேட்டாரு. நீங்க ஞானஸ்நானம்னு சொல்லுவீங்கல்ல, அது." நீயும், "நம்ம ஊர் கோவில்ல கேட்டா குடுத்துடுவாங்கல்லம்மா?" என்றாய். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், கழுவி வைத்த தட்டையே திரும்பக் கழுவினேன். உன் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். மூன்று நாள் கழித்து நீ போன் பண்ணி, "ஊர்க் கோவில் பேர்ல ஒரு லெட்டர்பேட் அடிச்சுடலாம்மா, யாரு போய் செக் பண்ணப் போறாங்க" என்றபோது பேசாமல் போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று இந்தக் குடும்பத்தில் முதலில் சொன்னவள் நான்தான். அதே வாக்கியம் அதே குரலில் உன் வாயிலிருந்து வந்தது.

உனக்கு ஞானஸ்நானம் ஆனது உண்மை. தண்ணீர் ஊற்றும்போது நீ பாதிரி ஐயருடைய அங்கியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாய். ஆனால் அதற்கு எழுத்து கிடையாது. ஏன் கிடையாது என்று சொல்ல வேண்டுமானால் நம் சபையின் கதையைச் சொல்ல வேண்டும். அதை யாரும் எழுதியதில்லை. எழுதும் தகுதி எனக்கும் இல்லை, ஆனால் முழுதும் தெரிந்தவள் நான்தான் மிச்சம். அந்த ஊர்மேல் எனக்குப் பாசம் ஒன்றும் கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லும் கருவேலமும் உள்ள ஊர். அங்கேயே கிடந்திருந்தால் நான் இன்றைக்கும் அடுத்தவர் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருப்பேன்.

தாது வருஷப் பஞ்சத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு வெள்ளைக்கார ஐயர் கஞ்சித் தொட்டி வைத்தார். நம் சேரியில் பதின்மூன்று குடும்பங்கள் அவரிடம் போய் லுத்தரன் சபையில் சேர்ந்தன. கஞ்சிக்காகத்தான் போனார்கள். மேல்தெருவில் இன்றைக்கும் நம்மைக் கஞ்சிக்கு மாறினவர்கள் என்பார்கள். பசித்தவன் கஞ்சிக்குப் போகாமல் வேறெதற்குப் போவான்? ஆனால் பஞ்சம் முடிந்து மழை பெய்த பிறகும் அவர்கள் திரும்பவில்லை. அதற்குக் காரணம் ஒரு புத்தகம். பண்ணைக் கணக்கில் நம் ஆட்களுக்குப் பெயர் கிடையாது. கரியான், கரியான் மகன், மொட்டை, மொட்டை பெண்டாட்டி, அவ்வளவுதான். ஐயர் ஒரு நீளப் புத்தகத்தை விரித்துவைத்து ஒவ்வொருவரையும் எதிரே நிற்கவைத்து, உன் பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, தாயார் பெயர் என்ன என்று கேட்டு எழுதினாராம். தாயார் பெயரைக் கேட்டதும் பாதிப் பேர் முழித்தார்களாம், அதையெல்லாம் யாரும் அதுவரை கேட்டதில்லை. ஒன்றாவது வரியில் கரியான் மாசிலாமணி ஆனார். அவர் உன் அப்பாவின் வழி. அந்த வரியை நான் விரலால் தொட்டிருக்கிறேன்.

முதலில் டவுன் கோவிலுக்குத்தான் நடந்து போனார்கள், பதினான்கு கிலோமீட்டர். அங்கே நமக்கு முன்பே கிறிஸ்தவர்களான மேல்சாதிக்காரர்கள் பெஞ்சில் உட்காருவார்கள். நம்மவர்களுக்குக் கடைசியில் பாய். இராப்போஜனத் திராட்சரசக் கிண்ணமும் அவர்கள் குடித்த பிறகுதான் நம் பக்கம் வரும். ஒரே ஆண்டவர், ஒரே கிண்ணம், ஆனால் வரிசை மட்டும் ஊர் வரிசை. பத்து வருடம் பாயில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மாசிலாமணியும் மற்றவர்களும் சொந்தமாகக் கல் சுமந்து ஊரிலேயே கோவில் கட்டிக்கொண்டார்கள். ஓடு வேய்ந்த சின்னக் கோவில், வடக்கே கல்லறை, ஒரு மணி. நாம் ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகைக்குப் போவோமே, அதுதான். உனக்கு அங்கே ஏலம் விட்ட கோழி ஞாபகம் இருக்கும். எனக்குச் சனிக்கிழமைதான் ஞாபகம்.

நம் சபையில் இராப்போஜனத்துக்கு முந்தின சனிக்கிழமை பெயர் கொடுக்க வேண்டும். ஞாயிறு நேரே போய் அப்பத்துக்குக் கை நீட்டிவிட முடியாது. சாயங்காலம் ஒவ்வொருவராக, ஊரோடு இருந்து சபையைக் கவனிக்கிற உபதேசியார் முன்னால் வந்து, தன் பெயரைத் தன் வாயால் சொல்லி எழுதவைக்க வேண்டும். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அதையும் சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டும். என் அப்பாதான் உபதேசியார். அவருக்குக் கண் மங்கியபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன், கையெழுத்து நன்றாக இருக்கும். அப்போதிலிருந்து சனிக்கிழமைப் பெயர்களையும், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று பெரிய பதிவேடுகளையும் எழுதியது நான். கல்யாணம் ஆகிப் பெங்களூர் வந்த பிறகும் மாதத்தில் முதல் சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய் எழுதிவிட்டு வருவேன். கார்மென்ட்ஸில் செக்கிங் செக்‌ஷனில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடிப்பது என் வேலை. அங்கேயும் என் கண்ணை யாரும் ஏமாற்றியது கிடையாது.

நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு அது நடந்தது. மோசஸ் மாமாவின் மகள் எஸ்தருக்கு வாத்தியார் டிரெயினிங்கில் எஸ்.சி. கோட்டாவில் இடம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் செல்வி. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான், பள்ளிக்கு ஒரு பெயர், கோவிலுக்கு ஒரு பெயர். கிறிஸ்தவன் ஆனால் எஸ்.சி. கிடையாது, பி.சி. என்பது சட்டம். மேல்தெருக் கிணற்றில் வாளி விட நாங்கள் ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் விட்டார்களா? டீக்கடையில் கிளாஸ் மாறியதா? தீட்டு எங்களோடு மதம் மாறவில்லை; சர்க்கார் காகிதத்தில் மட்டும் நாங்கள் மாறிவிட்டோம். யாரோ மொட்டைக் கடிதம் போட, தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் நேரே கோவிலுக்கு வந்து, "ஐயா, உங்க ஞானஸ்நான ரிஜிஸ்டரக் கொஞ்சம் காமிங்க" என்றார். என் அப்பா கொடுத்துவிட்டார். அதில் என் கையெழுத்தில் எஸ்தர், தகப்பன் பெயர், தாயார் பெயர், எல்லாம் அச்சடித்தது போல இருந்தது. அந்த வாரமே அவளுக்கு இடம் போயிற்று.

மோசஸ் மாமா கோவில் வாசலில் நின்று அப்பாவைக் கேட்டார். "ஒரு வார்த்த, புஸ்தகம் இல்ல, கரையான் தின்னுடுச்சுன்னு சொல்லியிருக்கக் கூடாதா உபதேசியாரே? எம் பொண்ணு வாழ்க்கய வுட ஒனக்குப் பொஸ்தகம் பெருசாப் போச்சா?" அப்பா பதிவேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சபையே அவரோடு பேச்சை நிறுத்தியது. அதன் பிறகு மோசஸ் மாமா ஞாயிறு வருவார், கடைசி வரிசையில் உட்காருவார், ஆனால் சனிக்கிழமை பெயர் கொடுக்க வரவேயில்லை. எஸ்தர் ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டப் போனாள். அவள் கையைப் பிறகு ஒருமுறை பார்த்தேன், முள் கீறாத இடமில்லை. வாத்தியார் ஆகியிருக்க வேண்டிய கை. அந்தக் கையைப் பார்த்த அன்றைக்கே, எனக்குப் பிறக்கிற பிள்ளையைப் பற்றி மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

நீ பிறந்து, கிறிஸ்மஸ் மறுநாள் உனக்கு ஞானஸ்நானம். எல்லோரும் பாயசம் குடிக்க வெளியே போன பிறகு நான் பதிவேட்டைத் திறந்தேன். இடது ஓரத்தில் 418 என்று எண் போட்டேன். எண் போட்டது கைப்பழக்கம். பெயர்க் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. உன் அப்பா பக்கத்தில் நின்று, "எழுதாத. காலேஜ் எல்லாம் முடிஞ்சப்பறம் எழுதிக்கலாம், யாரு போய்ப் பாக்கப் போறாங்க" என்றார் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். சொன்னது நான், அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். வரியைக் காலியாக விட்டுவிட்டு, மையொற்றும் தாளை வைத்துப் புத்தகத்தை மூடினேன். ஒன்றுமே எழுதாத வரிக்கு மையொற்றும் தாள் வைத்தவள் உலகத்தில் வேறு யாராவது இருக்கிறாளா?

அடுத்த மாதம் அப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "நம்பர் போட்டிருக்க. ஆள் எங்கம்மா?" என்றார். "மனசுல இருக்குதுப்பா" என்றேன். "மனசுல இருக்கறதுக்குப் புஸ்தகம் எதுக்கு" என்று கேட்டுவிட்டு, திட்டாமல், அந்த வரியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எஸ்தர் விஷயத்தில் பட்ட அடிக்குப் பிறகு என்னைத் தடுக்க அவருக்குத் தெம்பில்லை. அவர் தடுத்திருக்கலாம் என்று இப்போது அவர்மேல் கோபம் வருகிறது. செத்தவர்மேல் கோபப்படுவது சுலபம், பதில் வராது.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஸ்ரீராம்புரத்திலிருந்து, ஓசூரிலிருந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. "அக்கா, உங்க புள்ளைக்குப் பண்ணாப்ல எங்க புள்ளைக்கும் பண்ணிடுங்கக்கா." பண்ணினேன். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒன்பது காலி வரிகள், நீ முதல். யார் கேட்டாலும் பெயரைச் சொல்லமாட்டேன் என்று ஒவ்வொரு தாய்க்கும் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அந்த எட்டுப் பேர் பெயரையும் இதிலும் நான் எழுதவில்லை, பார். சத்தியமும் இருக்கிறது, பழக்கதோஷமும் இருக்கிறது. உங்களுக்கு வைத்த கோவில் பெயரை உங்களிடம்கூடச் சொல்லவில்லை, சின்னப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் உளறிவிடும் என்று. இராப்போஜனம் வாங்குவதற்கு முன் முடிக்க வேண்டிய திடப்படுத்தல் வகுப்புக்கு உன்னை அனுப்பாததற்கு டியூஷன் இருக்கிறது என்றேன். வகுப்பு முடித்தால் அதையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதனால்தான் நாங்கள் இராப்போஜனத்துக்கு எழுந்து போகும்போதெல்லாம் நீ பெஞ்சிலேயே உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தாய். உனக்குப் பக்தியில்லை என்று உன்னைத் திட்டவும் செய்தேன். அந்தத் திட்டுக்காகத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவும் எதற்காக? பிளஸ் டூ முடித்து உன்னை அந்த ஆபீசுக்குக் கூட்டிப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? ஊர்த் தாலுகாவில் அலைந்து வாங்கிய சர்டிபிகேட்டை பிளாஸ்டிக் கவரோடு கவுன்டரில் நீட்டினேன். அந்தம்மா திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தமிள்நாட்து அம்மா, இல்லி நடெயல்ல" என்று திருப்பித் தள்ளினாள். வெளி மாநில எஸ்.சி. சர்டிபிகேட் கர்நாடகத்துச் சீட்டுக்குச் செல்லாதாம். பதினெட்டு வருடம் பெங்களூரில் வாடகை கொடுத்தவளுக்கு அது தெரியவில்லை. நீ, "விடும்மா, ஜெனரல்லயே பாத்துக்கலாம்" என்று என்னைக் கரும்புச்சாறு கடைக்குக் கூட்டிப் போனாய். நீ நன்றாகத்தான் படித்தாய், நல்ல வேலையிலும் இருக்கிறாய், அந்தக் கம்பெனியில் உன் சாதியையும் யாரும் கேட்கவில்லை, சாமியையும் யாரும் கேட்கவில்லை. சர்டிபிகேட் இன்னும் பீரோவில் இருக்கிறது, ஒரு மடிப்புக்கூட விழாமல். அன்றைக்கே ஊருக்குப் போய் உன் வரியை எழுதியிருக்கலாம். மற்ற எட்டும் காலியாக இருக்க என் பிள்ளை பெயரை மட்டும் எப்படி எழுதுவது என்று தள்ளிப்போட்டேன்.

அப்பா போன பிறகு ஊருக்கு வேறு உபதேசியார் போடவில்லை. ஓடு ஒழுகியதால் பதிவேடுகளை நான் லிங்கராஜபுரத்துக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்துக்கொண்டேன். போன வருடம் திருச்சபைத் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் லேப்டாப்போடு ஊர்க் கோவிலுக்கு வந்தார்கள், என்னைப் புத்தகத்தோடு வரச்சொன்னார்கள். உயிரோடிருக்கிற பெயர் முப்பதாவது இருந்தால்தான் அது சபை. இல்லையென்றால் டவுன் சபையோடு சேர்த்துவிடுவார்கள். எண்ணினார்கள். இருபத்து நான்கு. அதில் இளையவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் ஒருவர், நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார், காலி வரிகளில் விரலை வைத்துக் கேட்டார். "இது என்னம்மா, நம்பர் இருக்கு, பேர் இல்ல? இதுல ஆளு இருக்காங்களா?"

இருபத்து நான்கும் ஒன்பதும் முப்பத்து மூன்று. கூட்டல் தெரியாதவள் இல்லை நான். ஒன்பது பெயரும் எனக்குப் பாடம். வாயைத் திறந்திருந்தால் போதும். பின்னால் பெஞ்சில் மோசஸ் மாமா கைத்தடியில் தாடையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டுத் தாய்களுக்குச் செய்த சத்தியம், இப்போது எந்தப் பிள்ளை எந்தக் காகிதத்தை வைத்து எங்கே வேலையில் இருக்கிறதோ என்ற பயம், எஸ்தரின் கை, எல்லாம் ஒன்றாக முன்னே வந்து நின்றன. "யாரும் இல்லீங்கய்யா. எழுதும்போது விட்டுப்போச்சு" என்றேன். விட்டுப்போன தையலைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவள் சொன்ன பதில் அது. அவர் லேப்டாப்பில் ஏதோ தட்டினார். ஒரு சபை முடிந்துபோக அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

கடைசி ஆராதனைக்கு முந்தின சனிக்கிழமை நான் வழக்கம்போல நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். கடைசி என்று சொல்லாமல் உன்னையும் கூப்பிட்டேன், உனக்கு ஆபீசில் ஏதோ ரிலீஸ் வேலை இருந்தது. பத்துப் பேர் வந்து பெயர் கொடுத்தார்கள். எல்லோரும் போன பிறகு மோசஸ் மாமா வந்தார். முப்பத்து மூன்று வருடம் கழித்து. "எம் பேர எழுதும்மா" என்றார். எழுதினேன். "உங்கப்பன் பொய் சொல்லல, எம் பொண்ணு போச்சு. நீ பொய் சொன்ன, கோயிலு போச்சு. நான் யாரப் போயி கேக்கறது சொல்லு" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது; குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றியபோதெல்லாம் அவரும் கோவிலில் இருந்தவர்தானே. அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. என் அப்பாவும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

இப்போது கோவிலுக்குப் பூட்டு. டவுன் சபைக்கு எல்லோரும் வரலாம், அழைப்பு அன்பாகத்தான் இருந்தது. மாசிலாமணி பாயிலிருந்து எழுந்து வந்தாரே, அதே கோவில்தான். இப்போது பாய் இல்லை, எல்லோருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. ஆனால் ஞாயிறு காலையில் ஊரிலிருந்து பஸ் இல்லை. இருபத்து நான்கு பேரில் போய்வருகிறவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் காலை மணி நேரத்துக்குக் குளித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்டவர் எல்லா இடத்திலும் இருக்கிறார் என்று உன் அப்பா என்னைத் தேற்றப் பார்க்கிறார். இருக்கட்டும், எனக்கு அதில் ஆறுதல் இல்லை. நூற்றைம்பது வருடம் பஞ்சத்துக்கும், காலராவுக்கும், மேல்தெருவுக்கும் சாகாத ஒன்றை உன் அம்மா வாயால் சாகடித்தாள். ஜெபம் செய்ய உட்கார்ந்தால் அந்த மூன்று பேர்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பதிவேடுகளை ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. நீ சர்டிபிகேட் கேட்டுவிட்டுப் போன அடுத்த வாரம் நான் ஊருக்குப் போகிறேன் என்று சொன்னேனே, அதற்குத்தான். முந்தின மத்தியானம் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து பேனாவோடு உட்கார்ந்தேன். பழைய தேதி போட்டால் அது கள்ளக் கையெழுத்து. இன்றைய தேதி போட்டால், இல்லாத சபைக்கு எப்படி ஆள் சேர்ப்பது? சாட்சிக் கையெழுத்துப் போட உனக்குத் தண்ணீர் ஊற்றிய ஐயரும் இல்லை. பேனாவை மூடிவிட்டேன். மறுநாள் டவுன் அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சரிபார்த்தாள். காலி வரிகளைப் பார்த்ததும் டிராயரிலிருந்து சிவப்புப் பேனாவும் ஸ்கேலும் எடுத்தாள். "பின்னாடி யாரும் எதுவும் சேக்கக் கூடாதில்லீங்கம்மா, ரூல்ஸ்" என்று 418இன் காலி வரிக்குக் குறுக்கே கோடு ஒன்று இழுத்தாள். "எழுதுனவங்க நீங்கதான? பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க." ஒன்பது கோடு, ஒன்பது கையெழுத்து. என் கையெழுத்து இன்னமும் அழகாகத்தான் இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள்.

எழுதாமல் விட்டது ஒன்று, யாரும் இல்லை என்றது இரண்டு, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டது மூன்று. மூன்று தரம். ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் சொன்ன பேதுருவுக்காவது சேவல் கூவிற்று, அவன் வெளியே போய் அழுதான். நான் வெளியே வந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று ஓடினேன். அழுகை ஓசூர் தாண்டி, பெங்களூர் டிராஃபிக்கில் நின்றபோதுதான் வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

கல்யாணம் நிற்காது, பயப்படாதே. ஜெனிட்டாவின் ஃபாதரை நானே போய்ப் பார்த்தேன். கண்ணால் பார்த்த ஒருவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். எழுதிக் கொடுக்கிறேன்; என் சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்பது அவருக்குத் தெரியாது. கல்யாணப் பிள்ளைக்குப் புத்தி சொல்லும் தகுதியை நான் இழந்துவிட்டேன், ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று அந்தப் பெண்ணிடம் ஒருநாளும் சொல்லாதே. அந்த வார்த்தையை வைத்துத்தான் நான் எல்லாவற்றையும் செய்தேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல், அவள் தாங்குவாள். உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது எந்த வேதத்தில் எந்தக் கோவிலில் ஆனாலும் சரி, பெயர் எழுதும் இடத்தில் நீ பக்கத்தில் நின்று எழுதி முடிக்கிறவரை பார்த்துவிட்டு வா. பாயசம் குடிக்க வெளியே போய்விடாதே.

இந்த ஜெராக்ஸ் கையில் கிடைக்கிற எட்டுப் பேருக்கும் சொல்கிறேன்: உங்கள் பெயரை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அவளால் சொல்ல முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் நான் வீட்டில்தான் இருக்கிறேன். எனக்கு இப்போது வேறு வேலையில்லை.

என் மகனே, உன் வரியை எழுத மட்டும் நான் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எந்தக் கோவிலும் எந்த ஆபீசும் இந்தக் காகிதத்தை ஒப்புக்கொள்ளாது. ஆனாலும் கட்டம் போட்டு, எழுத வேண்டிய முறைப்படி எழுதுகிறேன்.

எண்: 418.
பெயர்: தாவீது மாசிலாமணி.
பிறந்தது: ஐப்பசி அடைமழையில், ஒரு சனிக்கிழமை.
ஞானஸ்நானம்: கிறிஸ்மஸ் மறுநாள், காலை ஆராதனையில்.
தகப்பன்: பக்கத்தில் நின்றார்.
தாய்: எழுதாமல் விட்டவள்.
ஞானத்தகப்பன்: மோசஸ். அவரைத்தான் நிற்கவைத்தோம், மகளுக்கு வந்தது உனக்கு வரக் கூடாது என்று உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றார். இன்னும் உயிரோடு இருக்கிறார். உன் பெயர் அவருக்குத் தெரியும், இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் அதை வெளியே சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒருதரம் போய், அவர் வாயால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல். இதுவரை உன்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அம்மா